அவா என்ன படிச்சவா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆணி அதிகம். ஆய்வுக் கட்டுரைன்னு ஒரு ஆணி, வாடகை கட்டுறதுக்காக வார இறுதியில் புடுங்குற ஆணி தனி. இன்னிக்கும் மொக்கை போட்டுட்டு ஓடிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா ஒரு கேள்வி மூணு வாரமா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு, இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும். நீளமான பதிவு மக்களே, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

நான் குடியிருக்கிறது கிழக்கு லண்டன்ல ஒரு வீட்டு மாடி அறை. கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க குடும்பம். அண்ணன் முன்னாடியே வந்துட்டார், அக்காவும் பிள்ளைகளும் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. சின்னவனுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல வாயே திறக்கிறதில்லை, நாங்க சொல்றது அவனுக்குப் புரியுதான்னும் தெரியலைன்னு ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அண்ணனுக்கு அன்னிக்கு லீவு கிடைக்கலை. அக்காவுக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும், பேசத்தான் தயக்கம். "தம்பி, நீங்கள் ஒருக்கா வாறீங்களே?"ன்னு கேட்டாங்க. இதுவரைக்கும் சாப்பிட்ட புட்டுக்கும் சொதிக்கும் கடன் இருக்கே, போனேன்.

முழங்கால் உயரத்துக்குச் சின்னப் பிள்ளைங்க நாற்காலி. அதுல நாங்க ரெண்டு பேர், எதிரே ரெண்டு டீச்சர். ஒருத்தர் வகுப்பு டீச்சர். இன்னொருத்தர் கழுத்துல தொங்கின அட்டையில பேருக்குக் கீழே 'சென்கோ'ன்னு போட்டிருந்தது. சின்னவன் எப்போ நடந்தான், எப்போ பேசினான், காது டெஸ்ட் பண்ணீங்களான்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாங்க. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தேன். நடுவுல அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே கேட்டாங்க:

"தம்பி, அவா என்ன படிச்சவா? டொக்டரே?"

(நம்ம ஊர் அக்ரஹாரத்து 'அவா' இல்லை. யாழ்ப்பாணத்துல ஒரு பெண்ணை மரியாதையாச் சொன்னா 'அவா'.)

நான் நெளிஞ்சேன். இதை எப்படிங்க இங்கிலீஷ்ல கேட்கிறது? சுத்தி வளைச்சு, "உங்க வேலையைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்க"ன்னு பூசி மெழுகினேன். அந்தம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. சிரிச்சுக்கிட்டே நேராவே சொன்னாங்க: டாக்டர் இல்லை, டீச்சர். போன ஜூலை வரைக்கும் நாலாம் வகுப்பு எடுத்தேன். முன்னாடி இருந்தவர் போனதும் ஹெட் என்னைக் கேட்டார். இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கு, இப்பத்தான் சேர்ந்திருக்கேன், மூணு வருஷத்துக்குள்ள முடிக்கணும்.

திரும்பி வரும்போது பஸ்ல அக்கா சொன்னது இது: "என்ர பிள்ளையைப் பற்றி எழுதப் போறா. என்ன படிச்சவா எண்டு கேக்கக் கூடாதே?"

கேட்கலாம்க்கா. தாராளமா கேட்கலாம். இந்த நாட்டுல இந்தக் கேள்விக்குச் சட்டத்துல பதில் வர்றதுக்கே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் படிக்கிறது வரலாறு, சிறப்புக் கல்வி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா லைப்ரரி கார்டு இருக்கு, போய் உட்கார்ந்தேன். (சொல்லப்போறது எல்லாம் இங்கிலாந்துக் கதை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் வழி வேற.)

கதை பணத்துல ஆரம்பிக்குது. 1862லேர்ந்து இங்கே 'தேர்ச்சிக்கு ஏற்ப மானியம்'னு ஒரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லுவார். பாஸ் பண்ற பிள்ளைக்குத்தான் பள்ளிக்குக் காசு. 1870ல் அரசு எல்லா ஊரிலும் பள்ளிக்கு ஏற்பாடு செய்தது, 1880ல் பிள்ளைகள் வருவது கட்டாயம் ஆனது. அதுவரைக்கும் வயலிலோ வீட்டு மூலையிலோ இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்துல பெஞ்சுல வந்து உட்கார்ந்தாங்க. அதுல சிலர் எத்தனை வருஷம் ஆனாலும் முதல் படியைத் தாண்டலை. டீச்சருக்கு அந்தப் பிள்ளை நஷ்டக் கணக்கு. அந்த மானிய முறை 1890கள்ல ஒழிஞ்சது. ஆனா "இந்தப் பிள்ளையை என்ன பண்றது?"ங்கிற கேள்வி மட்டும் நின்னுடுச்சு.

1893ல் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு கல்விச் சட்டம். 1899ல் 'குறையுள்ள, வலிப்பு நோயுள்ள' பிள்ளைகளுக்கு இன்னொண்ணு. இந்த ரெண்டாவது சட்டத்துலதான் அக்காவோட கேள்விக்கு முதல் பதில் இருக்கு. ஒரு பிள்ளை சாதாரணப் பள்ளிக்கு ஏற்றதில்லைன்னு சொல்ல யாருக்குத் தகுதி? கல்வித் துறை அங்கீகரிச்ச மருத்துவருக்கு. டீச்சர் கை காட்டலாம், சான்றிதழ் தர வேண்டியது டாக்டர். ஆக, "டொக்டரே?"ன்னு அக்கா கேட்டது ஒண்ணும் வெகுளித்தனம் இல்லை. நூத்தி இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா "ஓம்"னுதான் பதில் வந்திருக்கும்.

1913ல் வந்த மனக் குறைபாட்டுச் சட்டம் ஆட்களை 'இடியட்', 'இம்பிசைல்', 'ஃபீபிள் மைண்டட்'னு பிரிச்சது. இன்னிக்குச் சண்டையில திட்டுற வார்த்தைகள், அன்னிக்கு அரசாங்கப் படிவத்துல நிரப்புற வகைப் பெயர்கள். எந்தப் பிள்ளை சிறப்புப் பள்ளியில படிக்கக்கூடியது, எது அதுக்கும் லாயக்கில்லைன்னு கண்டுபிடிச்சுச் சொல்றது உள்ளூர்க் கல்வி அதிகாரியின் கடமையாச்சு. அதே வருஷம் லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட் என்பவரைப் பகுதி நேர உளவியலாளரா நியமிச்சது. இந்த நாட்டுல ஒரு கல்வி நிர்வாகம் உளவியலாளரைச் சம்பளத்துக்கு வெச்சது அதுதான் முதல் தடவை. டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டாச்சு. பர்ட் பின்னாடி 'சர்' பட்டமெல்லாம் வாங்கினார். 1971ல் செத்துப்போனார். 1976ல் ஒரு பத்திரிகை, அவரோட இரட்டையர் ஆய்வுத் தரவுகள் ஜோடிக்கப்பட்டவைன்னு எழுதி, அந்தச் சண்டை வருஷக்கணக்கா நடந்தது. படிப்புக்கு அவர்கிட்ட குறைச்சலே இல்லைங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

1944 கல்விச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1945ல் வந்த விதிகளும் பிள்ளைகளைப் பதினோரு வகையாப் பிரிச்சது. பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு நோயாளர், உடல் ஊனமுற்றோர்னு போற பட்டியல்ல சர்க்கரை வியாதிக்கும் ஒரு தனி வகை இருந்தது! 1953ல்தான் அதை எடுத்தாங்க. பட்டியல்ல மோசமான பேர் 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்'. இங்கிலீஷ்ல சுருக்கமா ஈ.எஸ்.என். இதுக்கும் கீழே ஒரு படி உண்டு. 'பள்ளியில் கல்வி பெறத் தகுதியற்றவர்'னு முத்திரை குத்தின பிள்ளையைக் கல்வித் துறை கை கழுவி, சுகாதாரத் துறைகிட்ட ஒப்படைச்சுடும். அங்கே பயிற்சி மையம், இல்லைன்னா ஆஸ்பத்திரி வார்டு. பார்த்துக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஆசிரியர் தகுதி பெற்றவங்க இல்லை. படிக்கவே முடியாத பிள்ளைக்கு டீச்சர் எதுக்குங்கிற கணக்கு. 1970ல் ஒரு சட்டம் போட்டு, 1971 ஏப்ரல் 1ஆம் தேதி அந்தப் பிள்ளைகளைக் கல்வித் துறைக்குள்ள கொண்டு வந்தாங்க. முப்பதாயிரத்துக்கும் மேல. அந்தத் தேதிக்கு அப்புறம் இங்கிலாந்துச் சட்டப்படி 'படிக்க லாயக்கில்லாத பிள்ளை'ன்னு யாரும் கிடையாது.

அதே 1971ல் ஒரு மெல்லிசான புத்தகம் வந்தது. லைப்ரரியில அதை எடுத்துட்டு அன்னிக்கு வேற எதையும் படிக்கலை.

எழுதினவர் பெர்னார்ட் கோர்ட். கரீபியன் தீவான கிரெனடாக்காரர், லண்டன்ல இந்த ஈ.எஸ்.என். பள்ளிகள்ல வேலை பார்த்தவர். மேற்கிந்தியத் தீவுப் பிள்ளையை பிரிட்டிஷ் பள்ளி முறை எப்படி 'இயல்புக்குக் கீழானவர்' ஆக்குதுங்கிறதுதான் புத்தகத்தோட தலைப்பே. பிள்ளை அப்படிப் பிறக்கலை, ஆக்கறீங்கன்னு தலைப்புலயே அடிச்சுட்டார். உள்லண்டன் கல்வி நிர்வாகத்தோட சொந்தக் கணக்கையே எடுத்து வைக்கிறார். 1967ல் சாதாரணப் பள்ளிகள்ல குடியேறிகளோட பிள்ளைகள் 15 சதவீதம், ஈ.எஸ்.என். பள்ளிகள்ல 28 சதவீதம். அதுலயும் பெரும்பாலானவங்க கரீபியன் பிள்ளைகள்.

எப்படி நடந்தது? வீட்டுல கிரியோல் பேசுற பிள்ளைகிட்ட லண்டன் நடுத்தர வர்க்க இங்கிலீஷ்ல ஐ.க்யூ. டெஸ்ட். நாட்டை விட்டு வந்த அதிர்ச்சியில, சில சமயம் வருஷக்கணக்கா பார்க்காத அம்மாகிட்டத் திரும்பி வந்து சேர்ந்த குழப்பத்துல வாயடைச்சு நிக்கிற பிள்ளையை மந்தபுத்தின்னு எழுதறது. டீச்சர் குறைவா எதிர்பார்க்கிறார், பிள்ளை அந்த எதிர்பார்ப்புக்கு ஏத்த மாதிரியே சுருங்குது. அனுப்புற பள்ளி என்ன மாதிரிப் பள்ளின்னு பல பெற்றோருக்குச் சரியாத் தெரியக்கூடத் தெரியாது. ஒருதடவை உள்ளே போனா, திரும்பச் சாதாரணப் பள்ளிக்கு வர்ற பிள்ளைகள் ரொம்பக் கொஞ்சம்.

இதைப் படிச்சுட்டு மாடிப்படி இறங்கி வந்தா சின்னவன் வாசல்ல கார் ஓட்டி விளையாடிக்கிட்டிருக்கான், பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தமிழ்ல திட்டு விழுது. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

(கோர்ட் பின்னாடி கிரெனடா திரும்பி அரசியல்ல இறங்கி, 1983 கலவரத்துக்கு அப்புறம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்து 2009ல் வெளிய வந்தார். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம். ஸ்டீவ் மெக்வீன் 2020ல் எடுத்த 'ஸ்மால் ஆக்ஸ்' வரிசையில 'எஜுகேஷன்'ங்கிற படம் இந்த ஈ.எஸ்.என். பள்ளிகளைப் பத்தினது. கிடைச்சா பாருங்க.)

ஒண்ணு கவனிச்சீங்களா? கோர்ட் சொன்ன அநியாயத்தைச் செஞ்சவங்க தகுதி இல்லாதவங்க இல்லை. டாக்டர் பட்டம் இருந்தது, உளவியல் பட்டம் இருந்தது, ஆசிரியர் சான்றிதழ் இருந்தது. எல்லாரும் முறையாப் படிச்சு, முறையாக் கையெழுத்துப் போட்டு, முறையா அனுப்பினாங்க.

அடுத்து வார்னாக். கல்வி அமைச்சரா இருந்த மார்கரெட் தாட்சர் 1973ல் ஒரு குழுவை அறிவிச்சார். தலைவர் மேரி வார்னாக், ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவியலாளர், ஒரு காலத்துல பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையாவும் இருந்தவர். 1978ல் அறிக்கை வந்தது. பதினோரு வகை, பத்து வகை எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, 'சிறப்புக் கல்வித் தேவை'ன்னு ஒண்ணு போதும்னார். பள்ளி வாழ்க்கையில ஏதாவது ஒரு கட்டத்துல அஞ்சுல ஒரு பிள்ளைக்கு அந்தத் தேவை வரும்னார். அதுவரைக்கும் சிறப்புப் பள்ளிகள்ல இருந்தது நூத்துக்கு ரெண்டு பேர்தான். ஆக மிச்சப் பதினெட்டு பேரும் ஏற்கெனவே நம்ம வகுப்புலதான் இருக்காங்க, நாமதான் பார்க்கலைன்னு அர்த்தம்.

அந்தத் தடி அறிக்கைக்குள்ள, நம்ம கதைக்கு முக்கியமான ஒரு பரிந்துரை சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. சாதாரணப் பள்ளியில இந்தப் பிள்ளைகளுக்கான அன்றாடப் பொறுப்பைத் தலைமை ஆசிரியர், இதுக்குன்னு நியமிச்ச ஒரு சிறப்பு ஆசிரியர்கிட்ட ஒப்படைக்கணும்னு. அட்டையில நான் பார்த்த 'சென்கோ'வோட விதை அதுதான். விதை மரமாக 16 வருஷம் ஆச்சு. வார்னாக் சொன்னது 'சிறப்பு ஆசிரியர்'. கடைசியில வந்ததுல 'ஆசிரியர்' மட்டும் இருந்தது, 'சிறப்பு' வழியில எங்கேயோ விழுந்துடுச்சு.

1981 சட்டம் வார்னாக் சொன்னதுல பாதியை எடுத்துக்கிட்டது, பணத்தை மட்டும் ஒதுக்கலை. அதிகத் தேவை உள்ள பிள்ளைக்கு 'ஸ்டேட்மென்ட்'னு ஒரு ஆவணம் வந்தது. அதுல எழுதியிருக்கிற உதவியைக் கொடுத்தே ஆகணும், சட்டப்படி. அந்தச் சட்டத்துலயே இன்னொரு சின்ன வாசகம்: வீட்டுல பேசற மொழி வேற, பள்ளியில சொல்லித்தர்ற மொழி வேறங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடுன்னு சொல்லக் கூடாது. இன்னிக்கு அமலில் இருக்கிற 2014 சட்டத்துலயும் அதே கருத்து இருபதாவது பிரிவுல இருக்கு. அக்காகிட்ட இதைத் தமிழ்ல சொன்னப்ப, "அப்ப எங்கட ஆக்களுக்கும் சட்டத்தில இடம் இருக்கு"ன்னாங்க. இருக்கு. ஆனா அதை நடைமுறையில பிரிச்சுப் பார்க்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்லை. புது மொழிக்குள்ள வந்து விழுற சின்னப் பிள்ளைகள் பல மாசம் பேசாமலே இருக்கிறது சகஜம். வீட்டுல பேசி வெளியில பேசவே முடியாத ஒரு பதற்ற நிலையும் உண்டு. உண்மையிலேயே மொழிக் குறைபாடு இருக்கிற பிள்ளையும் உண்டு. மூணும் வகுப்பு டீச்சர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: வாயே திறக்காத பையன். பிரிக்கத் தெரியலைன்னா 1967 திரும்ப வரும். இல்லைன்னா எதிர்ப்பக்கமாத் தப்பு நடக்கும். "மொழிப் பிரச்சனைதான், தானா சரியாகும்"னு மூணு வருஷத்தை வீணாக்கிடுவாங்க.

1993ல் இன்னொரு கல்விச் சட்டம், அதைத் தொட்டு 1994 செப்டம்பர்ல ஒரு நடைமுறை விதித் தொகுப்பு. அதுலதான் சென்கோ பிறந்தார். ஸ்பெஷல் எஜுகேஷனல் நீட்ஸ் கோஆர்டினேட்டர். எல்லாச் சாதாரண அரசுப் பள்ளியிலும் ஒருத்தர் இருக்கணும். என்ன வேலை? பள்ளியோட சிறப்புத் தேவைக் கொள்கையை நாள்தோறும் நடத்தணும், மத்த டீச்சர்களுக்கு யோசனை சொல்லணும், பிள்ளைகளோட பதிவேட்டைப் பராமரிக்கணும், பெற்றோர்கிட்டப் பேசணும், உளவியலாளர், ஆஸ்பத்திரி, கவுன்சில் எல்லாத்தோடயும் தொடர்பு வெச்சுக்கணும்.

என்ன படிச்சிருக்கணும்? அதைப் பத்திச் சட்டம் வாயே திறக்கலை.

பள்ளிகள் என்ன பண்ணும்? கையில இருந்த ஆளைப் போட்டாங்க. சின்னப் பள்ளிகள்ல ஹெட்டே அந்தத் தொப்பியையும் மாட்டிக்கிட்டார். சில இடத்துல டெபுடி ஹெட், சில இடத்துல ஏற்கெனவே வாசிப்புல பின்தங்கின பிள்ளைகளைத் தனியா உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்த டீச்சர். முழுநாள் வகுப்பும் எடுத்து, மிச்ச நேரத்துல இதையும் பார்த்தவங்க ஏராளம். 1998ல் ஆசிரியர் பயிற்சி முகமை, சென்கோவுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு 'தேசியத் தரங்கள்' வெளியிட்டது. நல்ல ஆவணம்தான், ஆனா கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத ஆவணம் பள்ளிக்கூடத்துல எந்த அலமாரிக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும் :-)

2003க்கு அப்புறம் இன்னொரு திருப்பம். டீச்சர்கள் தலையில இருந்து எழுத்து வேலையைக் குறைக்கணும்னு ஒரு ஒப்பந்தம் வந்தது. எழுத்து வேலை எங்கே குவிஞ்சு கிடக்கு? சென்கோ மேசையில. சில பள்ளிகள் அந்த வேலையைத் தூக்கி டீச்சிங் அசிஸ்டன்ட் கையில கொடுத்துட்டாங்க. டீச்சிங் அசிஸ்டன்ட்ங்கிறவங்க டீச்சரை விட ரொம்பக் கம்மிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க. அவங்கள்ல எத்தனையோ பேர் அந்தப் பிள்ளைகளை டீச்சரை விட நல்லாத் தெரிஞ்சவங்க, அதை நான் மறுக்கலை. ஆனா அவங்க போய் ஒரு சீனியர் டீச்சர்கிட்ட "நீங்க பாடம் நடத்தற முறையை மாத்தணும்"னு சொன்னா நடக்குமா? வேலையோட சாரமே அதுதானே? படிப்பைப் பத்தின கேள்வி மாதிரி தெரியும், உண்மையில இது அதிகாரத்தைப் பத்தின கேள்வி.

2006ல் நாடாளுமன்றக் கல்விக் குழு இதைத்தான் பிடிச்சது. சென்கோ எல்லா இடத்துலயும் தகுதி பெற்ற ஆசிரியராத்தான் இருக்கணும், பள்ளியோட மூத்த நிர்வாகக் குழுவுலயும் இருக்கணும்னு சொன்னது. அரசு முதல் பாதியைக் கேட்டுக்கிட்டது. 2008ல் விதிகள் போட்டு, 2009 செப்டம்பர்ல இருந்து சென்கோ தகுதி பெற்ற ஆசிரியரா இருக்கிறது கட்டாயம் ஆச்சு. புதுசா வர்றவங்க மூணு வருஷத்துக்குள்ள 'தேசிய விருது'ங்கிற படிப்பையும் முடிக்கணும். விருதுன்னதும் பொன்னாடையும் கேடயமும்னு நினைச்சுடாதீங்க, அது ஒரு பல்கலைக்கழகப் படிப்பு. 60 கிரெடிட், அதாவது ஒரு முதுகலைப் பட்டத்துல மூணுல ஒரு பங்கு. நிர்வாகக் குழுவுல உட்கார வைக்கிற ரெண்டாம் பாதி இன்னிக்கு வரைக்கும் "அப்படி இருந்தா நல்லது"ங்கிற அளவுலதான் நிக்குது.

வேலை பிறந்தது 1994. தகுதி வந்தது 2009. பதினஞ்சு வருஷம். அந்த இடைவெளியில ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை பள்ளியை முடிச்சு வேலைக்கே போயிருக்கும்.

2024 செப்டம்பர்ல அந்தப் படிப்பையும் மாத்திட்டாங்க. இப்போ புதுசா வர்ற சென்கோ எடுக்க வேண்டியது 'தேசியத் தொழில்முறைத் தகுதி'. மூணு வருஷக் கெடு அப்படியே இருக்கு, ஆனா முதுகலை கிரெடிட் கிடையாது. எங்க சென்கோ அம்மா படிக்கிறது இதைத்தான். பழைய படிப்பு ஆராய்ச்சி வாசனை, புதுசு வேலை வாசனைன்னு ஒரு வாதம் ஓடுது. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு டீச்சரை முழுசா ஒரு வருஷம் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க வெச்சதுல ஏதோ ஒண்ணு இருந்ததுன்னு, ஆராய்ச்சிக் கட்டுரையோடயே குடும்பம் நடத்தற எனக்குத் தோணுது.

இதோட முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். இல்லை. அக்கா கேள்வியை அடுத்த மேசைக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன்.

பிள்ளையைச் சோதிச்சு அறிக்கை எழுதற கல்வி உளவியலாளர் என்ன படிச்சிருக்கணும்? 2006லேர்ந்து முனைவர் பட்ட அளவுப் பயிற்சி, 2009லேர்ந்து அரசுப் பதிவேட்டுல பேர் இல்லாம அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கவே கூடாது. சரி. சென்கோ? டீச்சர் தகுதி, கூடவே ஒரு படிப்பு. சரி. இந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பீடு செய்யலாமா வேண்டாமா, அதுக்கு அப்புறம் சட்டபூர்வமான திட்டம் கொடுக்கலாமா, அதுல வாரத்துக்கு எத்தனை மணி நேர உதவின்னு எழுதலாம்னு முடிவு பண்ற கவுன்சில் அலுவலகத்து ஆள் என்ன படிச்சிருக்கணும்? அந்த நாற்காலிக்குன்னு சட்டம் எந்தப் படிப்பையும் கேட்கலை. மேல இருக்கிற இயக்குநர் வரைக்கும் அப்படித்தான். 2025 ஜனவரியில இங்கிலாந்துல அந்தத் திட்டம் வெச்சிருந்தவங்க 6,38,000க்கும் மேல. கவுன்சில் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தீர்ப்பு வரைக்கும் நிக்கிற பெற்றோர்ல, சமீப வருஷங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கும் மேல முழுசாவோ ஓரளவோ ஜெயிக்கிறாங்க. அப்படின்னா முதல் முடிவோட தரம் என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. தீர்ப்பாயத்துக்குப் போகத் தெரியாத, இங்கிலீஷ் பேசத் தயங்கற பெற்றோரோட பிள்ளைகள் இந்தக் கணக்குலயே வரமாட்டாங்க.

பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட சான்றிதழ் கேட்கறாங்க. பணப்பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட கேட்கறதில்லை. இது என் கோபம். ஆனா கோபத்தோட நிறுத்திக்கவும் முடியலை, ஏன்னா பர்ட் ஞாபகம் வருது, 1971 புத்தகம் ஞாபகம் வருது. கவுன்சில் ஆளுக்கும் ஒரு டிப்ளமா கட்டாயம்னு நாளைக்கே சட்டம் போட்டா எல்லாம் சரியாயிடுமா? "என்ன படிச்சவா"ங்கிறதுல ரெண்டு கேள்வி இருக்கு. எந்தப் பட்டம்ங்கிறது ஒண்ணு. இந்தப் பிள்ளையைப் புரிஞ்சுக்க என்ன தெரிஞ்சு வெச்சிருக்கீங்கங்கிறது இன்னொண்ணு. சட்டத்தால முதல் கேள்வியை மட்டும்தான் கேட்க முடியும்.

போன வாரம் ரெண்டாவது மீட்டிங். வகுப்பு டீச்சர் நல்ல மனசோடதான் சொன்னாங்க, "வீட்டுலயும் கொஞ்சம் இங்கிலீஷ்லயே பேசிப் பார்க்கலாமே"ன்னு. நான் அதை மொழிபெயர்க்க வாயெடுத்தேன், சென்கோ அம்மா கையைக் காட்டித் தடுத்தாங்க. "வேண்டாம். அம்மா தமிழ்லயே பேசட்டும். நிறையப் பேசட்டும். அவன் தமிழ்ல எப்படிப் பேசறான்னு தெரியாம நாம எதுவும் எழுதக் கூடாது." பேச்சுப் பயிற்சியாளருக்கு எழுதிப் போட்டிருக்காங்க, காத்திருப்போர் பட்டியல் நீளமாம். அதுவரைக்கும் அக்கா ஒரு நோட்டுல, சின்னவன் வீட்டுல சொல்றதையெல்லாம் அப்படியே எழுதிக்கிட்டு வரணும், தம்பி அதை மொழிபெயர்த்துத் தரணும். தம்பின்னா நான்.

கிளம்பும்போது அக்கா என்கிட்ட, "இதையெல்லாம் அவா எங்க படிச்சவாவாம்?"னு கேட்டாங்க. இந்தத் தடவை பூசி மெழுகாம நேராவே கேட்டேன். சென்கோ அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டு, "போன மாசம்தான்"னாங்க.

நோட்டு இப்போ என் மேசையில இருக்கு. அக்காவோட குண்டு குண்டு எழுத்துல பதினோரு பக்கம். 'பூனை என்ர சொக்ஸை இழுத்துக்கொண்டு போட்டுது.' 'அம்மா, அப்பா எப்ப வேலையால வருவார்?' 'எனக்கு இண்டைக்குச் சோறு வேண்டாம், பாண் தாங்கோ.' ஆறு வயசுப் பிள்ளைக்கு ஜம்முனு இருக்கு. எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதிட்டேன், ஒண்ணைத் தவிர. பள்ளியில ஏனடா கதைக்கேல்லைன்னு அக்கா கேட்டதுக்கு அவன் சொன்னது:

'எனக்கு விளங்குது. வாய்க்குள்ள நிக்குது.'

வர்ற செவ்வாய்க்கிழமை கொடுக்கணும். அந்த 'நிக்குது'வுக்கு ரெண்டு நாளா வார்த்தை தேடிக்கிட்டு இருக்கேன். யாருக்காவது தோணினா பின்னூட்டத்துல சொல்லுங்க.